மரச்சீனியின் 'கட்டு': வேகவைத்த தண்ணீரை ஏன் கொட்டுகிறோம்?

"மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு இஞ்சி டீ குடித்தால் உயிர் போய்விடும்" என்ற எச்சரிக்கை அவ்வப்போது கைபேசிகளில் சுற்றி வருகிறது. கிழங்கு சாப்பிட்ட குழந்தைகளுக்கு வாந்தி மயக்கம் என்று எங்கிருந்தாவது ஒரு செய்தி வந்தால் போதும், மறுநாளே அது கிளம்பிவிடும். இன்னொரு பக்கம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான ஆரோக்கிய உணவு என்று அதே கிழங்கின் மாவு நகரத்துக் கடைகளில் பொட்டலமாக விற்பனையாகிறது. கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், களியக்காவிளை, மார்த்தாண்டம், அருமனைப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டுமே விநோதமாகத்தான் படும். அங்கே அது மரச்சீனி. மீன் குழம்போடு தின்கிற சாதாரணக் கிழங்கு.

இது விஷமா, மருந்தா, வெறும் கிழங்கா? விஷம் உண்டு என்பது உண்மை. அதை வெளியேற்றும் வழி சமையலுக்குள்ளேயே இருப்பதும் உண்மை. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால், எந்தப் பழக்கத்தை விடலாம், எதை விடவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மரச்சீனி. கம்பம், கூடலூர்ப் பக்கம் கப்பக்கிழங்கு. சேலத்தில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு. எல்லை தாண்டினால் தெற்குக் கேரளத்தில் கப்பை, திருச்சூர்ப் பக்கம் கொள்ளி. எல்லாம் ஒரே செடிதான்.

எப்படி வந்தது?

செடியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை ஏழைகளின் பசிக்கு மாற்றாகப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் 1942-ல் பர்மா ஜப்பான் வசம் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. திருவிதாங்கூரில் பல வீடுகளில் அன்று அடுப்பேறியது மரச்சீனிதான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியதே தவிர அடுக்களை மாறவில்லை. கிழங்கை எப்படிப் பக்குவப்படுத்துவது என்ற அறிவு கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே இருக்கிறது. மலையாளத்தில் கிழங்கில் உள்ள நஞ்சுக்கு 'கட்டு' என்றே பெயர். கட்டுள்ள கப்பை என்றால் தின்றவருக்குத் தலை சுற்றும்.

கட்டு என்பது என்ன?

கட்டு என்பது சயனைடு நஞ்சு. ஆனால் கிழங்குக்குள் அது அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. இருப்பது லினமாரின் என்ற பொருள். ஒரு சர்க்கரை மூலக்கூறோடு சயனைடு கட்டப்பட்டிருக்கிற வடிவம் அது. அதை உடைக்கக்கூடிய லினமாரேஸ் என்ற நொதியும் அதே கிழங்கில் இருக்கிறது, ஆனால் தனி இடத்தில். தீக்குச்சியும் பெட்டியும் ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருப்பது போல. கிழங்கை எலியோ பூச்சியோ கடித்தால் அறைச்சுவர் உடைகிறது, இரண்டும் உரசுகின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு இது.

நாம் கிழங்கை நறுக்கும்போதும் அதேதான் நடக்கிறது. வெளிவந்த ஹைட்ரஜன் சயனைடு பிடிவாதக்காரன் இல்லை. கிட்டத்தட்ட 26 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகிவிடும், அதாவது நம் ஊர் வெயிலுக்கே. பிடிவாதம் உடையாத லினமாரினுக்குத்தான். கொதிக்கவைத்தாலும் அது அழியாது, ஆவியாகவும் ஆகாது. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். தண்ணீரைக் கொட்டுவதற்கான முழுக் காரணமும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

எல்லாக் கிழங்கிலும் கட்டு ஒரே அளவில் இல்லை. பச்சைக் கிழங்கு ஒரு கிலோவில் 50 மில்லிகிராமுக்குக் கீழே சயனைடு தரக்கூடியதை இனிப்பு வகை என்று சர்வதேச உணவுத் தரவிதிகள் பிரிக்கின்றன. கசப்பு வகைகளில் அது நூறைத் தாண்டி, சிலவற்றில் பல நூறுக்கும் போகும். மனிதனுக்கு உயிராபத்தான அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை என்று கணக்கிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கீழ்வரம்பு 7.5 மில்லிகிராம்.

1. கிலோவுக்கு 150 மில்லிகிராம் உள்ள கசப்புக் கிழங்கு என்றால், வெறும் 50 கிராம் பச்சைத் துண்டிலேயே அந்த 7.5 வந்துவிடும்.
2. கிலோவுக்கு 30 மில்லிகிராம் உள்ள சமையல் கிழங்கு என்றால், அதே அளவுக்குக் கால் கிலோ பச்சையாகத் தின்ன வேண்டும்.
3. அந்தக் கால் கிலோவைச் சிறு துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், முக்கால் பங்கு வரை போய்விடும். மிச்சம் 2 மில்லிகிராம் கூட இருக்காது.

கிழங்கு ஆபத்தா இல்லையா என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை என்பது இதில் தெரியும். எந்த ரகம், எப்படி வெந்தது, தின்பவரின் எடை என்ன என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு. ஒரே பானைக் கிழங்கைத் தின்ற அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் பிள்ளைக்கு மட்டும் வாந்தி வருவதில் மர்மம் எதுவும் இல்லை.

ரக விஷயத்தில் எல்லைப்புறத்து மக்கள் கொடுத்துவைத்தவர்கள். வீட்டுத் தோட்டத்திலும் விளையிலும் (தோப்பு நிலத்திலும்) நடுவது பெரும்பாலும் தின்பதற்கான ரகங்கள். எம்-4 என்று பெயர்பெற்ற பழைய ரகம் கட்டு குறைந்தது, மாவாக வேகும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ஜெயா போன்ற குறுகிய காலச் சமையல் ரகங்களும் அப்படித்தான். ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்காக வளர்க்கும் கிழங்கின் கதை வேறு. அங்கே மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் கேள்வி. கசப்பு ஒரு பொருட்டல்ல, ஏனென்றால் அரைத்துப் பலமுறை கழுவும்போது லினமாரின் தண்ணீரோடு போய்விடும். அந்த ஆலைக் கிழங்கு வழிதவறிச் சமையலுக்கு வந்தால்தான் வம்பு. ரகம் நல்லதாக இருந்தாலும், மழை பொய்த்து வாடிய செடியின் கிழங்கில் கட்டு ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுப்பில் நடப்பது

பாட்டிகள் செய்வதை வரிசைப்படுத்தினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வேதியியல் காரணம் கிடைக்கிறது.

1. தோல். மேலே இருக்கும் பழுப்புத் தோலோடு, உள்ளே தடித்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உரிப்பார்கள். கட்டு அதிகம் இருப்பது அந்த உள்தோலில். சீவுகிற கத்தியால் மேலாகச் சுரண்டிவிட்டு விடுவது போதாது.

2. நறுக்குவது. கையளவு கட்டையாகப் போட்டு வேகவைத்தால் கால் பங்குதான் வெளியேறுகிறது. சிறு துண்டுகளாக்கினால் முக்கால் பங்கு. உட்புறத்திலிருந்து தண்ணீருக்குப் போக வேண்டிய தூரம் குறைகிறது, அவ்வளவுதான். முழுக்கிழங்காக வேகவைத்தால்தான் ருசி என்று சொல்பவர்கள் உண்டு. ரகம் தெரிந்த சொந்த விளைக் கிழங்காக இருந்தால் அவர்கள் பாடு. சந்தையில் வாங்கியதற்கு அந்த ருசி வேண்டாம்.

3. தண்ணீர். கிழங்கு மூழ்கி மேலே நாலு விரல் நிற்கிற அளவு வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றுவது நல்லது. நொதி மிதமான சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்து லினமாரினை உடைக்கும், வெளிவரும் வாயு ஆவியோடு போகும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் நொதி உடனே செத்துவிடும், மிச்ச வேலை முழுவதும் கரைவதை நம்பித்தான்.

4. மூடாத பானை. ஆவி போக வழி வேண்டும்.

5. வடிப்பது. இதுதான் உயிர்நாடி. கட்டு கூடியது என்று சந்தேகப்பட்டால் ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத்தண்ணீரும் உப்பும் போட்டு மறுபடி வேகவைக்கும் பழக்கம் கேரளத்தில் உண்டு. அதன் பிறகே தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்துக் கிழங்கு மயக்குவது, அதாவது மசித்துக் கிளறுவது.

இந்த ஐந்தாவது படியில்தான் இன்றைய ஆரோக்கிய ஆலோசனை குறுக்கே வருகிறது. காய்கறி வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், வைட்டமின் போய்விடும் என்பது பொதுவாக நல்ல புத்திமதி. மரச்சீனிக்கு அது தலைகீழ். கொஞ்சம் வைட்டமின் சி போவது உண்மை, போகட்டும். பிரஷர் குக்கரில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைப்பது, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைப்பது, மைக்ரோவேவில் சுற்றவிடுவது எல்லாமே இந்தக் கிழங்கை மெத்தென்று ஆக்கும், ஆனால் கட்டைக் கழற்றாது. ஆவியில் வேகவைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் குறைவது பத்திலிருந்து இருபது சதவீதம்தான் என்று சோதனைகள் காட்டுகின்றன.

அப்படியானால் சிப்ஸ்? மெல்லியதாகச் சீவிப் பொரிக்கும் மரச்சீனி சிப்சில் கிழங்கில் இருந்தது பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் சிப்சின் பாதுகாப்பு முழுக்க ரகத்தின் கையில். தின்னத் தயாரான மரவள்ளிச் சிப்சில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டமே போட்டிருக்கிறது. மரவள்ளி மாவுக்குச் சர்வதேசத் தரவிதி வைத்திருக்கும் வரம்பும் அதே 10. எல்லைப்புறத்துச் சிப்ஸ் கடைகள் சமையல் ரகத்தையே வாங்குகிற வரை கவலைப்பட ஒன்றும் இல்லை. கசக்கிற சிப்சை மட்டும் துப்பிவிடுங்கள்; கூச்சம் பார்க்க வேண்டாம்.

கேரளத்து வாட்டுக்கப்பையும் இதே தத்துவம்தான். துண்டாக்கி, பாதி வேகவைத்து, வடித்து, வெயிலில் காயவைத்துச் சேமிப்பார்கள். தின்னும்போது மறுபடி ஊறவைத்து, வேகவைத்து, வடிப்பார்கள். கட்டு இரண்டு முறை கழுவப்படுகிறது.

இஞ்சி குற்றவாளியா?

இல்லை. எல்லையின் அந்தப் பக்கம் கப்பை பிரியாணி என்று ஒன்று உண்டு. மாட்டு எலும்போடு கறியும், இஞ்சி பூண்டு மசாலாவும் சேர்த்துக் கிளறுவது. இஞ்சியும் கிழங்கும் சேர்ந்தால் சாவு என்றால் கோட்டயத்தில் ஆட்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

வதந்தி பிறந்த விதத்தை ஊகிக்கலாம். கிழங்கு தின்றவருக்கு வயிறு பிசைகிறது. கைவைத்தியமாக இஞ்சிக் கஷாயம் தருகிறார்கள். அதற்குள் நஞ்சு தலைக்கேறிவிடுகிறது. கடைசியாக வாயில் போன இஞ்சியின் தலையில் பழி. இதில் உண்மையான கெடுதல் ஒன்று இருக்கிறது: இஞ்சியைத் தொடாமல் இருந்தால் எந்தக் கிழங்கையும் எப்படியும் தின்னலாம் என்ற தைரியத்தை அது தருகிறது.

தவறான ஆளைப் பிடிப்பது எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2005 மார்ச்சில் பிலிப்பைன்சின் போஹோல் தீவில் ஒரு பள்ளியருகே மரவள்ளிப் பலகாரம் தின்ற குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் கிழங்கின் சயனைடு என்றே உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. சோதனையில் வெளிவந்தது பூச்சிமருந்து. மாவு என்று நினைத்து அதைக் கலந்திருக்கிறார்கள். ஆனால் 2017 செப்டம்பரில் உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் 98 பேர் நோய்ப்பட்டு இரண்டு பேர் இறந்தது மரவள்ளி மாவின் சயனைடால்தான். கசப்பு ரகத்துக் கிழங்கின் மாவு சந்தைக்கு வந்திருந்தது. ஆகவே செய்தி வந்த முதல் நாளிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

தட்டில் கூட என்ன இருக்கிறது?

வடித்த பிறகும் துளியளவு சயனைடு உள்ளே போகத்தான் செய்யும். உடல் அதற்குத் தயாராகவே இருக்கிறது. கல்லீரலில் உள்ள ரொடனீஸ் என்ற நொதி, சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாற்றும். அது சிறுநீரில் போய்விடும். இந்த வேலைக்குக் கந்தகம் வேண்டும். அது கிடைப்பது மெத்தியோனின், சிஸ்டைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து, அதாவது நாம் தின்னும் புரதத்திலிருந்து.

மரச்சீனியில் புரதம் அநேகமாக இல்லை. நூறு கிராமில் ஒன்றரை கிராம் கூடத் தேறாது. அதில் கந்தக அமினோ அமிலங்கள் இன்னும் சொற்பம். கட்டைத் தரும் கிழங்கு, கட்டை அவிழ்க்கும் பொருளைத் தருவதில்லை. அந்தக் குறையை நிரப்புவது சாளை, நெத்திலி மீன்கள்தான். குமரி, கேரளக் கடற்கரையில் கிழங்கும் மீனும் பிரியாத ஜோடி ஆனதற்குக் காரணம் ருசியும் விலையும். யாரும் ரொடனீசை நினைத்துப் புளிமுளம் என்ற மீன் குழம்பை வைக்கவில்லை. இருந்தாலும் பொருத்தம் கச்சிதம். மீன் தின்னாதவர்கள் பயறோ முட்டையோ மோரோ சேர்த்துக்கொள்ளலாம். காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி மட்டும் வைத்துத் தின்பது நாக்குக்குச் சுகம், கல்லீரலுக்கு உதவி இல்லை.

தயோசயனேட்டுக்கு ஒரு பக்கவேலை உண்டு. தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாசலில் அதுவும் போட்டிக்கு நிற்கும். அயோடின் போதுமான அளவில் இருந்தால் போட்டியில் தோற்றுவிடும். அயோடின் பஞ்சமும் தினமும் மரவள்ளியும் சேர்ந்த இடங்களில் கழுத்துக்கழலை அதிகரிக்கிறது. கடல்மீனும் அயோடின் உப்பும் உள்ள வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை கிழங்கு வைப்பது இந்தக் கவலைக்குள் வராது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தினச் சாப்பாடாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

புரதமே இல்லாமல், சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்புக் கிழங்கை மட்டும் வாரக்கணக்கில் தின்றால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா பார்த்துவிட்டது. கொன்சோ என்ற நோய். ஒரே நாளில் கால்கள் விறைத்து நடை போய்விடும், திரும்ப வராது. குழந்தைகளும் இளம் தாய்மாருமே பெரும்பாலும் மாட்டுவார்கள். காங்கோவின் யாகா மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'கட்டப்பட்ட கால்' என்று பொருள். 1981-ல் வறட்சியின்போது மொசாம்பிக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி முடங்கினார்கள். பஞ்சத்தில் கிழங்கை நாள்கணக்கில் ஊறவைக்கப் பொறுமை இல்லை, கூடத் தின்ன வேறு எதுவும் இல்லை.

கணையக் கல்: பாதி தெளிந்த வழக்கு

கேரளத்தில் மரச்சீனிக்கு நீண்ட நாள் இருந்த இன்னொரு கெட்ட பெயர் கணைய நோய். 1960-களில் கொட்டாரக்கரை மருத்துவர் கீவர்கீஸ், குடிப்பழக்கம் இல்லாத இளம் நோயாளிகள் பலரின் கணையத்தில் சுண்ணாம்புக் கற்களும் அதையொட்டிச் சர்க்கரை நோயும் இருப்பதைப் பதிவு செய்தார். ஏழைகள், மெலிந்தவர்கள், கிழங்கை நம்பி வாழ்ந்தவர்கள். சயனைடுதான் கணையத்தைக் கெடுக்கிறது என்ற கருத்து 1970-களின் இறுதியில் பலம் பெற்றது.

பிறகு வழக்கு வலுவிழந்தது. கிழங்கே தின்னாத பகுதிகளிலும் அதே நோய் இருந்தது. கிழங்கையே தின்று வாழும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் நோய் அரிதாக இருந்தது. 2000-க்குப் பின் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றம் இந்த நோயாளிகளில் பலருக்கு இருப்பது தெரியவந்தது. கிழங்கும் ஏழ்மையும் ஒரே வீட்டில் குடியிருந்ததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நாளாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

இது நஞ்சைப் பற்றிய பேச்சில்லை, மாவைப் பற்றியது. நூறு கிராம் கிழங்கில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து, 160 கலோரி. வேகவைத்த சோற்றில் அதே எடைக்கு 28 கிராமும் 130 கலோரியும். கோதுமைப் புரதம் இல்லை என்பது அது ஒத்துக்கொள்ளாதவருக்கு மட்டுமே பயன். சர்க்கரை ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிழங்கு தின்னும் வேளையில் சோற்றை விடுங்கள். இரண்டும் சேர்ந்து இலையில் இருந்தால் கணக்கு எங்கும் நிற்காது. ஜவ்வரிசியில் சயனைடு பயம் இல்லை, மாவைத் தவிர வேறு சத்தும் இல்லை.

கோளாறு என்று தெரிந்தால்

தின்ற சில மணி நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு. முற்றினால் குழப்பம், வலிப்பு. உடனே தெரியாமல் தாமதிப்பதற்குக் காரணம், உடையாத லினமாரினைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல உடைப்பதுதான். பாலோ மோரோ கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் நேரத்தைக் கடத்தக் கூடாது. ஒரே பானையில் தின்ற எல்லோரையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டும், முக்கியமாகச் சின்னக் குழந்தையை. அது இன்னும் வாந்தி எடுக்காவிட்டாலும். மிஞ்சிய கிழங்கில் ஒரு துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் தின்றது, வடித்ததா இல்லையா என்று சொல்லுங்கள்.

மருத்துவமனையில் ஆக்சிஜனோடு கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சோடியம் தயோசல்பேட். அது ரொடனீசுக்கு வேண்டிய கந்தகத்தை ஒரேயடியாக ரத்தத்தில் கொண்டுபோய் இறக்குகிறது.